தலைகுனிந்து நின்ற அலை

அலை ஒன்று கடலை விட்டு நடந்து வந்து பிள்ளைகள் இல்லத்தின் வாசலில் தலைகுனிந்து நின்ற கதையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் மஞ்சள் பனியன்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அலை பிறகுதான் வந்தது. பனியன்களை முன்பே அச்சடித்தாகிவிட்டது.

திருநெல்வேலிப் பக்கம் தேவாமிர்தபுரத்துக் கிறிஸ்தவக் கோயிலில் மே மாதம் வந்தால் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப்பள்ளி நடக்கும். பாட்டு, கைதட்டல், கதை, காகிதத்தில் கைவேலை, கடைசி நாள் எலுமிச்சை சாதம். எந்த வருஷம் எந்தக் கதை என்பதை முந்தின மழைக்காலத்திலேயே கமிட்டி கூடித் தீர்மானித்து, பனியனும் பாட்டுப் புத்தகமும் அச்சுக்குப் போய்விடும். அந்த வருஷத்துக்குப் பேழைக் கதை. உலகத்தை வெள்ளம் மூடியதும், ஒரு பெரியவர் கட்டிய மரப்பெட்டகத்தில் மிருகங்கள் ஜோடி ஜோடியாய் ஏறித் தப்பியதுமான கதை. பனியனின் நெஞ்சில் நீலப் பேழை, பேழையின் ஜன்னலில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒட்டகச்சிவிங்கி, அடியில் சுருண்டு சுருண்டு எழும் அலைகள், முதுகில் கொட்டை எழுத்தில் ‘ஏறு ஏறு, பேழையில் ஏறு’. மூட்டை வந்து இறங்கியது, கிறிஸ்துமஸ் வந்தது, கேக்கு வெட்டினார்கள், மறுநாள் காலையில் கடல் எழுந்து இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஊர் ஊராய்த் தின்றுவிட்டுப் போனது.

கோயிலில் அழுதார்கள், அரிசி சேர்த்தார்கள், பழந்துணி சேர்த்தார்கள். மே மாதம் நெருங்கியபோது கமிட்டித் தலைவர் சிகாமணி அண்ணாச்சி, இரும்புக்கடை வைத்திருக்கிறவர், எழுந்து, “இந்த வருஷம் நம்ம பிள்ளையளுக்கு வேண்டாம்யா. இலங்கையில தாய் தகப்பன இழந்த பிள்ளையள் கிடக்கு. அதுகளுக்குப் போய்ப் பண்ணுவோம்” என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமென் சொன்னார்கள். என்ன கதை சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் அச்சடித்தாகிவிட்டதே.

இலங்கைக்குப் போன கூட்டத்தில் எப்சிபா போயே ஆக வேண்டியிருந்தது, ஏனென்றால் வெள்ளச் சத்தம் அவளிடம்தான் இருந்தது.

எப்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், எந்தச் சத்தமும் அவள் வாயில் வந்து குடியேறிவிடும். பாஸ்டரய்யா ஆசீர்வாதம் கூறும்போது கடைசி வார்த்தையை ரப்பர் மாதிரி இழுப்பது, விலை சொல்வதற்கு முன்னால் சிகாமணி அண்ணாச்சி இருமுவது, பியூலா அக்காவின் ஜெபம் விசும்பலில் ஆரம்பித்து விசிலில் முடிவது, மினிபஸ் கியர் மாற்ற மனசில்லாமல் அழுவது, வான்கோழி, தையல் மிஷின், கோபத்தில் இருக்கும் மாமியார், அதைவிடக் கோபத்தில் இருந்து வாயைத் திறக்காத மருமகள். அண்ணாச்சியின் குரலில் கடைப்பையனுக்கு அரைநாள் லீவு விட்டிருக்கிறாள். பாஸ்டரய்யாவின் குரலில் கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டியை வெறும் நேரத்தில் மணி அடிக்க வைத்து, ஊரே வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்ததைச் சுவர் மறைவிலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறாள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய வெள்ளச் சத்தம். உவரிக் கடற்கரையில் உட்கார்ந்து படித்தது. அடிவயிற்றில் பிடித்து, தொண்டையில் உருட்டி, நாக்கைச் சுருட்டி வெளியே விட்டாளென்றால், ஒத்திகையில் பியூலா அக்கா சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டாள்.

“ஏட்டி, நனைஞ்ச மாதிரியே இருக்குட்டி!”

“இன்னும் கொஞ்சம் நின்னா மீனே வரும்க்கா.”

விமானத்தில் போய், பிறகு பகல் முழுக்கப் பஸ்ஸில் போனார்கள். மட்டக்களப்புக்குத் தெற்கே பனிச்சந்துறையை நெருங்கியபோது தாழை ஓரமாகக் கடல் தெரிந்தது, கடலுக்கு இந்தப் பக்கம் ஊர் இருந்த இடம் தெரிந்தது. ஒரு மாடிப்படி மட்டும் நின்றுகொண்டிருந்தது, ஏறிப் போக வீடு இல்லை. இரண்டு தென்னைகளுக்கு நடுவில் ஒரு வள்ளம் செருகிக்கிடந்தது, உயரத்தில், கரண்டிக்கூட்டில் கரண்டி மாதிரி. பஸ்ஸில் பாட்டு நின்றது. அப்போதுதான் எப்சியின் தொண்டையில் அந்தக் கேள்வி வந்தது: இந்தப் பிள்ளைகளுக்கா நாம் வெள்ளக் கதை சொல்லப் போகிறோம்?

கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்து சீட்டில்தான் அண்ணாச்சி இருந்தார், ஒரு வார்த்தை போதும். ஆனால் கதை போனால் வெள்ளச் சத்தமும் போகும்; சத்தம் போனால் கைதட்டலும் போகும்; வெளிநாடு வரைக்கும் வந்து காகிதத்தில் ஒட்டகம் மடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எப்சி எச்சில் கூட்டி அந்தக் கேள்வியை விழுங்கினாள். அது கோலிக்குண்டு மாதிரி இறங்கிப் போய் வயிற்றில் உட்கார்ந்துகொண்டது.

இல்லம் என்பது பழைய பள்ளிக்கூடக் கட்டடம். முற்றத்தில் ஒரு மாமரம், மூலையில் உயரமான கால்களில் சிமெண்டுத் தண்ணீர்த்தொட்டி, வாசலில் முக்காலி போட்டுக் காவல்காரர் பூபாலப்பிள்ளை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது பரிமளம் அக்கா. தன்னுடைய இரண்டையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஊரிலுள்ள மிச்சத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தவள். மறுநாள் காலையில் அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து மஞ்சள் பனியன் மாட்டிவிட்டார்கள். பெரிது, சிறிது பார்க்கவில்லை. சிலதுகளுக்கு ஒட்டகச்சிவிங்கி முழங்காலில் சிரித்தது. பிள்ளைகள் மரியாதையாக இருந்தார்கள். தட்டச் சொன்னால் தட்டினார்கள், ஆடச் சொன்னால் ஆடினார்கள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சி கதையை ஆரம்பித்து, மேகத்தைக் கறுக்க வைத்து, மழையை இறக்கி, கையை உயர்த்தி, “அப்பம் ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க!” என்று எப்சி பக்கம் திரும்பினார்.

எப்சி மைக்கை வாங்கினாள்.

வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவள் செய்ததில்லை. தூரத்தில் ஆயிரம் பாய்களை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஆரம்பித்து, அது நெருங்கி, மரம் முறிந்து, ஓடு நொறுங்கி, எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஒரு பெரிய மூச்சு. கண்ணை மூடிக்கொண்டு செய்தாள். முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்து, வராததால் கண்ணைத் திறந்தபோது முற்றத்தில் ஒரு பிள்ளை இல்லை.

ஒருத்தரும் அழவில்லை, கத்தவில்லை. ஏறிவிட்டார்கள். மாமரத்தில் கொஞ்சம், பள்ளிக்கூட ஓட்டின்மேல் கொஞ்சம், தண்ணீர்த்தொட்டியின் உச்சியில் மிச்சம். பெரியது சின்னதைத் தூக்கிக்கொண்டு, சின்னது அதைவிடச் சின்னதைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் மஞ்சளாய் உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், முதுகில் ‘ஏறு ஏறு’ என்ற எழுத்துடன்.

வாசலில் அலை வந்து நின்றது.

முழங்கால் உயரம் இருக்கும். பாய் அகலம். போத்தல் கண்ணாடியின் பச்சை. தலையில் வாராத முடி மாதிரி நுரை. தென்னந்தோப்பு வழியாக, ஒழுங்கை என்கிற சந்துக்குள் திரும்பி, யார் வேலியையும் தொடாமல், கூப்பிட்ட குரலைத் தேடி நடந்து வந்திருந்தது. விழவும் இல்லை, பரவவும் இல்லை, நின்றது. பூபாலப்பிள்ளை வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுபோல, “ஆரப் பாக்க வந்த?” என்று கேட்டுவிட்டு, பிறகு நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“நீயா?” என்றார்.

அலை தலையைக் குனிந்துகொண்டது. அவரைத் தாண்டி, முற்றத்தில் மைக்கோடு நின்ற எப்சியின் காலடியில் போய், கூப்பிட்ட நாய் மாதிரி நின்றது.

குசினியிலிருந்து பரிமளம் அக்கா வந்தாள், கையில் தேங்காய்ப் பூ. மரத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், அலையைப் பார்த்தாள், கடைசியில் அண்ணாச்சி போட்டிருந்த பனியனின் பேழையைப் பார்த்தாள்.

“ஐயா, நீங்க நல்ல மனிசர். ஆனா வரக்குள்ள ஒரு வார்த்தை கேட்டிரிக்கலாமே, என்ன கதை சொல்லப் போறம் எண்டு.”

அண்ணாச்சி இருமினார். விலை சொல்வதற்கு முன்னால் இருமுகிற இருமல்தான், ஆனால் அதற்குப் பின்னால் விலை வரவில்லை. “அச்சடிச்சாச்சும்மா...” என்றார். எல்லோர் காதிலும் அது விழுந்தது. கோயில் கூட்டத்தில் எத்தனை தடவை சொன்ன வார்த்தை, முற்றத்தில் கிடந்தபோது யாருக்கும் அதைக் குனிந்து எடுக்க முகமில்லை.

அன்றைக்கே தொண்டர்கள் எல்லோரும் பனியனை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கொண்டு வந்தது முழுக்க அந்தப் பனியன்தான், வேறு துணி அதிகம் இல்லை. உள்பக்கமாகத் தெரிந்தும் தெரியாமலும் ஒட்டகச்சிவிங்கி சிரித்துக்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் இறங்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வாளியில் கட்டி மேலே அனுப்பினார்கள், வாளி காலியாக இறங்கியது, பிள்ளைகள் இறங்கவில்லை. ஓட்டின்மேல் பாய் விரித்தார்கள், மரக்கிளையில் சாரத்தால் தொட்டில் கட்டினார்கள். பரிமளம் அக்கா ஏணி வைத்து ஏறி மேலேயே தலைவாரிப் பின்னிவிட்டு இறங்கினாள். “அது போகட்டும், இறங்குறம்” என்றார்கள். நியாயம்தானே.

அலை போகவில்லை.

அண்ணாச்சியும் கூட்டமும் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். அண்ணாச்சி அதன் முன்னால் நின்று கையை நீட்டி அதட்டினார்; அது இன்னும் குனிந்தது, யார் அதட்டினாலும் தகும் என்பதுபோல. பியூலா அக்கா பாடிப் பார்த்தாள், அது கிட்டே வந்துவிட்டது, பாட்டை நிறுத்தினார்கள். குசினி அண்டாவில் மொண்டு, வேனில் ஏற்றி, கடலில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தார்கள். வேன் திரும்பி வருவதற்குள் அது எப்சியின் குதிகாலை நனைத்துக்கொண்டு நின்றது. தோப்புக்கு அந்தப் பக்கம் பெரிய கடல் அசையாமல் கிடந்தது, தன் வீட்டுப் பிள்ளை எங்கேயோ அகப்பட்டுக்கொண்டதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் வேறு பக்கம் பார்ப்பதைப்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஊர் வந்தது. முதலில் கல்லோடு வந்தது. கல்லை எறிந்தால் அது வாங்கிக்கொண்டது, வாங்கிக்கொண்டு திருப்பி மெதுவாகக் காலடியில் வைத்தது, அதனால் கல்லெறிவதில் ஒரு சுகம் இல்லாமல் போயிற்று. பிறகு ஊர் சும்மா வந்தது. குனிந்து அதற்குள்ளே பார்த்தார்கள். பச்சைக்குள் ஒரு செருப்பு, ஒரு கிளாசு, ஒரு பள்ளிக்கூட டை, யாருடையதோ ரேடியோ எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. “என்ட மகனைக் கண்டியா?” என்று ஒருத்தி கேட்டாள். அலை நடுங்கியது. அவள் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாள். மீன் விற்கிற சின்னம்மா கூடையைக் கொண்டுவந்து அதற்குள் முக்கி, ஓங்கி ஓங்கி அலசி, “இதையாவது செய்யன் மூதேசி!” என்று கழுவிக்கொண்டு போனாள், அடுத்த நாள் பாத்திரமும் கொண்டுவந்தாள். கிராம சேவகர் சைக்கிளில் வந்து சுற்றிப் பார்த்து, தலையைச் சொறிந்து, “இடம்பெயர்ந்து வந்தவங்களுக்குக் கூடாரம் குடுக்கலாம். இடம்பெயர வெச்சவங்களுக்கு என்ன குடுக்கிற எண்டு மேல கேக்க வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான்.

பூபாலப்பிள்ளை மட்டும் அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். காலையில் தேத்தண்ணி குடித்து முடித்ததும் முக்காலியை அலைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஏசுவார். முதலில் வீட்டைப் பற்றி, பிறகு ஆடுகளைப் பற்றி, கடைசியில் மனைவியைப் பற்றி. வீட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல நல்ல வசைகள் வைத்திருந்தார், கேட்பதற்கு ஆள் கூடும். மனைவி என்று வந்ததும் வசை கிடைக்காமல் சும்மா பேரை மட்டும் சொல்வார், “நாகம்மா” என்று, பிறகு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அலை அசையாமல் கேட்கும். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. அலை தானே போய் முக்காலிக்கு எதிரே நின்று காத்துக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் அது எப்சியுடையது என்பதை யாரும் மறக்கவில்லை. ஏசிவிட்டுத் திரும்பும்போது ஒரு பார்வை அவள் பக்கம் வந்துதான் போனது. குளியலறைக்குப் போனால் வெளியே நின்றது. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் ஈரமாக நின்றது. படுத்தால் பாயைச் சுற்றி உப்புக் காய்ந்தது. அவள் தன்னிடமிருந்த எல்லாக் குரலையும் எடுத்துப் பார்த்தாள். கண்டக்டர் குரலில் “போலாம் ரைட்” என்றாள். பாஸ்டரய்யா குரலில் கடைசி வார்த்தையை இழுத்து ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பினாள். போலீஸ்காரர், தலைமையாசிரியை, கல்யாண வீட்டில் பந்தி முடிந்தும் எழாதவரைக் கிளப்பும் சமையல்காரர். ஒன்றுக்கும் போகவில்லை. அவளிடம் இருந்தது வரும் சத்தம். போகும் சத்தம் அவளுக்குத் தெரியாது. கடல் வருவதைத்தான் அவள் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், போவதை யார் கேட்கிறார்கள்?

“எக்கா, நான் வாயே திறக்காம ஊருக்குப் போயிருதேன்” என்று பியூலா அக்காவிடம் அழுதாள்.

“நீ போனா அதுவும் பின்னாலயே வருமேட்டி. ஏர்போட்டுல என்னன்னு சொல்ல?” என்றாள் பியூலா அக்கா, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்துவிட்டு.

சோற்று வாளியைத் தொட்டிக்குக் கொண்டு போகிற வேலையை எப்சி கேட்டு வாங்கிக்கொண்டாள். தொட்டியின் உச்சியில் இருந்தவர்களுக்குத் தலைவி வினோஜா, எட்டு வயசு, முன்பல் இரண்டும் இல்லை. வாளியைக் கயிற்றில் கட்டிவிட்டு எப்சி ஏணியின் பாதிவரை ஏறி நிற்பாள், அதற்குமேல் ஏற வெட்கம். கீழே ஏணிக்காலைச் சுற்றிக்கொண்டு அலை நிற்கும். வினோஜா இரண்டையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

ஒரு மத்தியானம் வினோஜா கேட்டாள்: “அக்கா, அந்தச் சத்தம் எங்களுக்கு எப்பிடியிரிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொல்லலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு அது உண்மையாகவும் இருந்தது. எப்சி வாயைத் திறந்தாள், பியூலா அக்காவின் விசும்பல் குரல் தயாராக வந்து நின்றது, அதை ஒதுக்கினாள். அண்ணாச்சியின் இருமல் வந்தது, அதையும் ஒதுக்கினாள். பிறகு வேறு குரல் எதுவும் மிஞ்சவில்லை.

“தெரியும்” என்றாள். “பஸ்ல வரும்போதே தோணிச்சு.”

“பிறகேன் செஞ்ச?”

“நல்லா பண்ணுவேன். அதான்.”

மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் கையை நிறுத்தின. வினோஜா வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள்.

“ஓம்” என்றாள். “நல்லாத்தான் செஞ்ச. அப்பிடியேதான் இருந்திச்சு.”

எப்சிக்கு வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டுக் கிடைத்திருக்கிறது, மேடையில், மைக்கில், மாலையோடு. இந்தப் பாராட்டுக்கு அவள் ஏணியிலேயே முகத்தை மறைத்துக்கொண்டாள். கீழே அலை சுருங்கியது, யாருக்கு எது சொல்லப்பட்டது என்று தெரியாமல் இரண்டு பேரும் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

“தள்ளுங்க” என்றாள் வினோஜா.

தட்டை வாளியில் வைத்தாள், கையைப் பாவாடையில் துடைத்தாள், ஏணியில் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினாள். எப்சி முன்னால் இறங்கி வழிவிட்டாள். மாமரத்திலிருந்தும் ஓட்டின்மேலிருந்தும் தலைகள் எட்டிப்பார்த்தன. வினோஜா அலைக்கு முன்னால் போய் நின்றாள். அது அவள் இடுப்பளவு இருந்தது, அவள் வந்ததும் கணுக்கால் அளவுக்கு ஆகியது. அவள் ஒரு கையை இடுப்பில் வைத்தாள். மற்றக் கையில் இல்லாத விளக்குமாறு ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அவள் வாயிலிருந்து வந்தது எட்டு வயசுக் குரல் இல்லை. அடுப்படியிலிருந்து எழுந்து வந்த, புகையில் கொஞ்சம் கரகரத்த, கோபம் மாதிரி நடிக்கிற, கோபமே இல்லாத ஒரு பெரிய பொம்பளையின் குரல். மாரிகாலத்தில் வளவுக்குள் தண்ணி ஏறி வந்தால் அவளுடைய அம்மா வாசலில் நின்று அப்படித்தான் விரட்டுவாளாம்.

“போ, போ. பிள்ள படுத்திரிக்கு. சத்தம் போடாத.”

குசினி வாசலில் பரிமளம் அக்கா நெஞ்சில் கையை வைத்தாள். “இது மல்லிகாட குரலெல்லோ” என்றார் பூபாலப்பிள்ளை, யாரிடமும் இல்லாமல்.

அலைக்கும் அந்தக் குரல் தெரிந்திருந்தது. ஒவ்வொரு மாரியிலும் அந்த விரட்டுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிப் போன தண்ணிதான் அது. ஒரே ஒரு நாள் மட்டும் கட்டுப்படவில்லை. இப்போது அது பின்னோக்கி நடந்தது. முகத்தைத் திருப்பாமல், குனிந்த தலை குனிந்தபடி, முற்றத்தைத் தாண்டி, வாசலில் பூபாலப்பிள்ளையின் முக்காலிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று, உள்ளே சுமந்துகொண்டிருந்த செருப்பையும் கிளாசையும் டையையும் ரேடியோவையும் ஒவ்வொன்றாகச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு, ஒழுங்கைக்குள் இறங்கியது. அது போகும் சத்தம் கேட்டது: ஒரு நீளமான பெருமூச்சு, கடைசியில் மணலில் உறிஞ்சப்படுவதுபோல. தோப்புக்கு அந்தப் பக்கம் பெரிய கடல் ஒதுங்கி அதற்கு இடம் கொடுத்தது.

பூபாலப்பிள்ளை ஒழுங்கை முனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “போயிட்டுது” என்றார். அடுத்த சில நாள் காலையில் தேத்தண்ணி குடித்த பிறகு முக்காலியோடு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் இறங்கினார்கள். இறங்கிய உடனே பேசினார்கள், பசிக்குது என்றார்கள், அவன் என்னைக் கிள்ளினான் என்றார்கள், ஒட்டகச்சிவிங்கி ஏன் இப்படிச் சிரிக்குது என்றார்கள். மிச்சமிருந்த நாட்களில் யாரும் அவர்களுக்குக் கதை சொல்லவில்லை. அண்ணாச்சி கதவுகளுக்குக் கீல் மாட்டினார். பியூலா அக்கா பேன் பார்த்தாள். மற்றவர்கள் உப்பேறிக் கிடந்த கிணற்றை இறைத்து இறைத்து ஊற்றினார்கள். எப்சி துணி துவைத்தாள், ஒரு குரலும் எடுக்காமல், பிள்ளைகள் கேட்டுக் கேட்டுக் கடைசி நாளில் ஒரே ஒரு வான்கோழி மட்டும் செய்தாள்.

புறப்படும்போது பஸ் பக்கத்தில் வினோஜா அவள் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனாள்.

“ஒருக்காக் கேட்டா உங்களுக்கு வந்திரும் எண்டு பியூலா மாமி சொன்னா. உண்மையா?”

எப்சி தலையாட்டினாள்.

“அப்ப அம்மாவும் வந்திட்டா?”

வந்திருந்தது. அன்று மத்தியானமே வந்து, தொண்டைக்குள் ஒரு மூலையில், அடுப்புப் புகையோடு உட்கார்ந்திருந்தது. “வந்திருக்கு” என்றாள் எப்சி, திருடியவள் மாதிரி.

வினோஜா கடலைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். “எனக்கு வர வரக் குறையிது. அண்டைக்கு வந்தது அவ்வளவும்தான், இனி வராது போல இரிக்கு” என்றாள். “நீங்களே வெச்சிரிங்க. ஆருக்கும் செஞ்சு காட்டக்கூடாது. நான் கேட்டா மட்டும் தாங்க.”

தேவாமிர்தபுரத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி கூறும் ஆராதனை. கோயில் நிரம்பி வெளியே பந்தலிலும் ஆள். கடலையே அதட்டி அனுப்பினார்களாம் என்று செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது, வழியில் எங்கேயோ வளர்ந்து. அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, இருமி, “ஆண்டவருடைய கிருபையால...” என்று ஆரம்பித்து, மேலே போக முடியாமல் நின்றார். பாஸ்டரய்யா உதவிக்கு வந்தார்: “எப்சிபா, நீ வாம்மா. அலை எப்படி வந்துச்சு, அந்தத் தாயார் குரல் எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் சபைக்குச் செய்து காட்டு.”

எப்சி எழுந்து போனாள். தொண்டையில் மல்லிகா இருந்தாள். பந்தலிலிருந்தவர்கள் கூட முன்னால் நகர்ந்தார்கள். அவள் மைக்கைப் பிடித்து, முதலில் இருமினாள், பிறகு அச்சு அசலாய்ச் சிகாமணி அண்ணாச்சியின் குரலில், “அதான் அச்சடிச்சாச்சுல்லா” என்றாள்.

சபை கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவருக்கும் தாங்கள் அன்றைக்கு ஆமென் சொன்னது நினைவுக்கு வந்தது, அதையும் அவள் செய்தாள், கோயில் முழுக்கச் சேர்ந்து சொன்ன அந்த ஆமெனை, கண்ணைத் துடைக்கிற மூக்குறிஞ்சலோடு. சிரிப்பு வரிசை வரிசையாய் அணைந்தது. கடைசியாக மைக்கை வாய்க்கு மிகக் கிட்டே வைத்து, பஸ்ஸில் ஒருத்தி எச்சில் கூட்டி ஒரு கேள்வியை விழுங்கிய சத்தத்தைச் செய்தாள். சின்னச் சத்தம். எல்லோருக்கும் கேட்டது.

“நான்தான்” என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார், குனிந்துகொண்டு. “முதல்ல பண்ணினாளே, அது என் சத்தம்தான்.”

“கடைசியில உள்ளது என்னுது” என்றாள் எப்சி, தன் குரலில், போய் உட்கார்ந்தாள். மல்லிகாவை யாருக்கும் காட்டவில்லை.

மிஞ்சிய பனியன்களைக் கோயிலில் தரை துடைக்க வைத்துக்கொண்டார்கள், இப்போதும் துடைக்கிறார்கள். எப்சிக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்துவிட்டது. வான்கோழியும் மினிபஸ்ஸும் அந்தப் பிள்ளைக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன, வெள்ளச் சத்தம் மட்டும் எங்கே வைத்தோம் என்றே அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மறுநாள், காலைச் சாப்பாடு முடிகிற நேரம், போன் அடிக்கும். அந்தப் பக்கத்துக் குரல் வருஷா வருஷம் வளர்ந்து, இப்போது கிட்டத்தட்ட ஒரு பெரிய பொம்பளையின் குரலாகிவிட்டது, கொஞ்சம் கரகரப்புக்கூட வந்திருக்கிறது, ஆனால் வினோஜா அதை நம்புவதில்லை. சுகம் விசாரிப்பதில்லை. “அக்கா, ஒருக்கா” என்பாள்.

எப்சி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு கையை இடுப்பில் வைப்பாள். ஒவ்வொரு தடவையும் முகம் சுடும், அவளுடையது இல்லாத ஒன்றை எடுக்கிறபோது சுடுகிற மாதிரி, சுடட்டும் என்று பொறுத்துக்கொண்டு, புகை போன பாதை வழியாக அந்தக் குரலை மேலே எழுப்பிக் கொண்டுவந்து, போனில் வைப்பாள்.

“போ, போ. பிள்ள படுத்திரிக்கு. சத்தம் போடாத.”

அந்தப் பக்கம், எங்கேயோ தூரத்தில், தண்ணி பின்வாங்கும்.